சாயங்காலம் ஆனதும் பொறுமை எங்கே போகிறது?

அம்பாசமுத்திரத்து வாசகர் கேட்டது, ஜூன் 3:
வேலை முடிந்து ஆறரை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் போதும், எரிந்து விழுகிறேன். காலையில் இதே பிள்ளை எத்தனை கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறேன். தியானம் செய்து பார்த்தேன், பயன் இல்லை. பொறுமை பிறவிக்குணம்தான், அதை வளர்க்க முடியாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 10.15

மறுக்கிறேன். பிறவிக்குணம் என்றால் காலையில் மட்டும் எப்படி இருக்கும்? குணம் மணி பார்த்து மாறாது, உடம்புதான் மாறும். ஆறரை மணிக்கு வீட்டு வாசலை மிதிக்கும்போது கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்திருந்தீர்கள், எத்தனை மணி நேரம் நின்றிருந்தீர்கள்? இந்த மூன்றையும் எழுதுங்கள். தியானத்தை அப்புறம் பார்ப்போம்.

ஜூன் 4, காலை 6.05

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக எழுதினேன். நான் ஏன் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன் என்பதையும் சொல்லவேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறேன். வீடு பேட்டையில். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஏழு வரை கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகள், மீதிப் பேர் நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். நிதானமாக யாரும் வருவதில்லை. "போன மாசம் வெள்ளை மாத்திரை தந்தீய, இப்ப ரோஸ் கலர்ல இருக்கே" என்பார் ஒருவர். மருந்து அதேதான், கம்பெனி வேறு என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் பின்னால் மூன்று பேர் சீட்டை நீட்டுவார்கள்.

இதை முடித்து, பஸ் பிடித்து, வண்ணார்பேட்டை, பாலம், ஜங்ஷன், டவுன் எல்லாம் தாண்டி வீட்டுக்குப் போனால் அப்பா காத்திருப்பார். அவருக்கு மறதி நோய். "பாபநாசத்துல தண்ணி திறந்துட்டானா?" என்று கேட்பார். பதில் சொல்வேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் அதையே கேட்பார்.

பொறுமை இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. அது எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்று அதனால்தான் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஜூன் 4, இரவு 9.50

கடையநல்லூர்க்காரர் ஒருவர் "அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை அதிகம், இப்போது யாருக்கும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். என் அம்மா பீடி சுற்றியவள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தேன். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இலையும் தூளும் பீடிக்கடையில் எடைபோட்டுத் தருவார்கள். இலையை நனைத்துத் துணியில் சுற்றி வைத்து, பதம் வந்தபின் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டவேண்டும். அப்புறம் தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கி, கட்டுக் கட்டவேண்டும். விரலும் கண்ணும் ஓயாத வேலை.

அம்மா இதை நாள் முழுக்க ஒரே ஓட்டமாகச் செய்யமாட்டாள். இலை வெட்டுவது விடியற்காலையில். அப்போதுதான் கண் தெளிவாக இருக்கும். கத்தரி தப்பினால் இலை வீண், இலை குறைந்தால் கைக்காசு போட்டு வாங்கவேண்டும். சுற்றுவது நாங்கள் பள்ளிக்கூடம் போனபின். தெருவில் நாலைந்து பேர் சுளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்வார்கள், பேச்சும் சிரிப்புமாக வேலை போகும். மத்தியானம் இரண்டு மணிவாக்கில் எல்லாச் சுளவும் மடியை விட்டு இறங்கிவிடும், அப்படியே திண்ணையில் தலை சாய்ப்பார்கள். முனை மடக்குவதும் கட்டுவதும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்னால். கை பாட்டுக்கு அதைச் செய்யும், மனசு அதில் இருக்கவேண்டியதில்லை.

ஏன் இந்த வரிசை என்று கேட்டால் "பின்னே எப்படிட்டி செய்ய?" என்பாள். அவளுக்கு அதில் கேள்வியே கிடையாது. கவனம் கேட்கிற வேலை தெளிந்த நேரத்தில், கை மட்டும் கேட்கிற வேலை ஓய்ந்த நேரத்தில். மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் இறங்குகிறது, சாப்பிடாமல் இருந்தாலும் அந்த மந்தம் வரும் என்று தூக்கத்தை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். திண்ணையில் தலை சாய்த்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அவளுக்குக் கோபம் வரும் நேரமும் எங்களுக்குத் தெரியும். சாயங்காலம் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதில் இவ்வளவைச் சரியில்லை என்று கழித்துவிட்டார்கள் என்று கேட்டுத் திரும்பி வரும் நேரம். அப்போது அவள் எங்களிடம் பேசவே மாட்டாள். கைகால் கழுவி, பழைய சோற்றில் ரெண்டு கை அள்ளிப்போட்டு, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள். "வயித்துல ஒண்ணும் இல்லாம யார்ட்டயும் பேசப்படாது" என்பாள்.

அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை கூடுதலாக வாய்த்தது என்று நான் நம்பவில்லை. வேறு வழி இல்லாமல் பொறுத்தது பாதி. தங்கள் பலம் எந்த நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்து வைத்திருந்தது மீதிப் பாதி.

ஜூன் 6, இரவு 9.20

அப்பா ஏன் தண்ணீரையே கேட்கிறார் என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். அவர் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருந்தவர். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அதில் பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து வருவது பாளையங்கால்வாய். ஜூன் பிறந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவார்களா என்பதுதான் ஊர்ப் பேச்சு. பாபநாசம் அணை நிரம்பவில்லை என்றால் கார் கிடையாது, மழைக்கு அப்புறம் பிசானம் ஒன்றுதான். எங்கள் வயல் கடைமடை. மேல்மடைக்காரர்கள் பாய்ச்சியது போக மிச்சம் வந்தால் வரும், வராவிட்டால் வராது.

இதை எழுதும்போதே தோன்றுகிறது. வேலைக்குப் போகிற ஒருத்தருக்கு வீடுதான் நாளின் கடைமடை. காலையில் திறந்த தண்ணீர் முழுவதையும் ஆபீசும் பஸ்ஸும் வருகிறவர் போகிறவரும் பாய்ச்சிக்கொள்கிறார்கள். கடைசியில் இருக்கிற பிள்ளைக்கும் அப்பாவுக்கும் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. கடைமடைக்காரனை "உனக்குப் பொறுமை வேண்டும்" என்று திட்டி என்ன ஆகும்? எங்கள் பக்கம் முறை வைப்பார்கள். இத்தனை நாள் மேல்மடை, இத்தனை நாள் கீழ்மடை. நடுவில் மடையை அடைத்தால்தான் கடைசி வயல் நனையும்.

நாலரை மணிக்கு நான் மடையை அடைக்கிறேன். கால்மணி நேரம். ஏதாவது சாப்பிடுவது, ஒரு செம்புத் தண்ணீர், உட்கார்வது, யாரோடும் பேசாமல் இருப்பது. அந்தக் கால்மணி கிடைத்த நாளுக்கும் கிடைக்காத நாளுக்கும் வீட்டில் வித்தியாசம் தெரியும், என் மகள் முகத்திலேயே தெரியும்.

ஜூன் 6, இரவு 9.35

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டீ வேண்டாம். மேலே எழுத விட்டுப்போனது. டீயிலும் காபியிலும் இருக்கிற காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் காலையிலேயே பொறுமை கொஞ்சம் குறைந்துதான் ஆரம்பிக்கும்.

ஜூன் 7, இரவு 10.00

களக்காட்டு டீச்சர் ஒருவர் நல்ல கேள்வி போட்டிருக்கிறார். மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகிற ஒன்று என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். அதைத்தான் நானும் சொல்கிறேனா?

முழுக்க அதையல்ல. 1998-ல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சுடச்சுட பிஸ்கட் மணக்கும் அறையில் சிலரை அதைத் தொடாமல் முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். பிறகு விடையே இல்லாத புதிரைக் கொடுத்தார்கள். முள்ளங்கி தின்றவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். அடக்கி அடக்கி உறுதி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. பின்னர் 2016-ல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, இதே கருத்தை வேறொரு சோதனையில் பார்த்தபோது விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

அப்படியானால் நேற்று நான் எழுதிய கடைமடைக் கணக்கு நிற்குமா? பாதி நிற்கும் என்று நினைக்கிறேன். பசி உண்மை. தூக்கமின்மை உண்மை. உடம்பு எடையில் ஒன்றிரண்டு சதவீதம் நீர் குறைந்தாலே மனநிலை கெடுகிறது, தலை வலிக்கிறது, அதுவும் சோதித்துப் பார்த்த சங்கதி. கால் கடுப்பதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். இதெல்லாம் உடம்பின் கணக்கு. ஆனால் "என் பொறுமை இன்றைக்குத் தீர்ந்துவிட்டது, இனி ஒரு சொட்டு இல்லை" என்று மனசு சொல்வதை அப்படியே நம்பவேண்டியதில்லை. அதே ஏழு மணிக்குச் சென்னையிலிருந்து மதினி வந்து இறங்கினால் முகம் மலர்ந்து எல்லாரும் பேசத்தானே செய்கிறோம்.

ஜூன் 8, காலை 5.50

மதினி வந்தால் வருகிற சிரிப்பு அப்பாவிடம் ஏன் வருவதில்லை? ராத்திரி படுக்கப்போனபோது இதே யோசனை.

சங்கரன்கோவில் தம்பி ஒருவன் இதையே வேறு மாதிரி எழுதியிருக்கிறான். மேனேஜர் கத்தும்போது சிரித்துக்கொண்டு நிற்கிறானாம், வீட்டில் அம்மா "சாப்பிட வாலே" என்று இரண்டாம் முறை கூப்பிட்டால் கத்துகிறானாம். பலம்தான் காரணம் என்றால் மேனேஜரிடமும் கத்தவேண்டுமே என்று கேட்கிறான். சரியான கேள்வி. இதற்குப் பசியும் தண்ணீரும் பதில் சொல்லாது.

வெகுளாமை அதிகாரத்தை வள்ளுவர் இங்கேதான் தொடங்குகிறார். "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்." தன் கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதைக் காக்கிறவன்தான் சினம் காப்பவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று அடுத்த அடியில் கேட்கிறார். மேனேஜரிடம் நாம் காட்டுவது பொறுமைக் கணக்கிலேயே வராது. அம்மாவிடம், பிள்ளையிடம், கடையில் கூடமாட வேலை செய்கிற சின்னப் பையனிடம் காட்டுவதுதான் கணக்கு.

ஆகவே எனக்கு இரண்டும் வேண்டும். உடம்புக்கு நாலரை மணிக் கால்மணி. அதோடு, என் கோபம் யார்மேல் சுலபமாகச் செல்லும் என்று தெரிந்து வைத்திருப்பது. என் வரையில் அந்தப் பட்டியலில் முதல் பெயர் அப்பா. அவருக்குத் திருப்பிச் சொல்லத் தெரியாது, மறுநாள் நினைவும் இருக்காது. அதனாலேயே அவரிடம்தான் நான் அதிகம் காக்கவேண்டும்.

தம்பிக்கு ஒன்று: அம்மா இரண்டாம் முறை கூப்பிடுவது சோறு ஆறிவிடும் என்றுதான். முதல் முறையிலேயே "ரெண்டு நிமிஷத்துல வாரேம்மா" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் இரண்டாம் கூப்பாடு இருக்காது.

ஜூன் 11, இரவு 9.15

பொறுமையை மனசின் வேலை என்று மட்டும் சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இதில் உள்ளபடியே ஆத்திரம் உண்டு.

முன்பு நான் வேலை பார்த்த கடையில் உட்கார ஒரு முக்காலி கூடக் கிடையாது. ஆள் இல்லாத நேரத்திலும் நிற்கவேண்டும், சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு போன் வரும். கழிப்பறைக்குப் பக்கத்து ஓட்டலுக்குப் போகவேண்டும் என்பதால் அங்கே வேலை பார்த்த பெண்கள் யாரும் சரியாகத் தண்ணீர் குடிக்கமாட்டோம். பாளையங்கோட்டை வெயிலில் தண்ணீர் குடிக்காமல், நாள் முழுக்க நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் எவள் சாந்தமாகப் பேசுவாள்? அங்கே சிரித்த முகத்தோடு பேசுவது எப்படி என்று ஒருவர் வந்து வகுப்பு எடுத்தார். அதையும் நின்றுகொண்டேதான் கேட்டோம்.

கேரளத்தில் 2018-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமானது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள் தொடங்கிய போராட்டம் அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நின்றுகொண்டே வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் இதைத் தெரிந்து வையுங்கள். தனியாகப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். இப்போது இருக்கிற கடையில் நாங்கள் அப்படித்தான் கேட்டோம். முதலாளி அண்ணாச்சி மறுப்பே சொல்லவில்லை, அந்த வாரமே ஸ்டூல் வந்தது. உட்கார்ந்து எழுந்து வேலை பார்க்கிற நாளில் வாடிக்கையாளர் இரண்டாம் தடவை கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருவதில்லை. நான் திருந்தி ஒன்றும் இது வரவில்லை, உட்கார இடம் கிடைத்ததால் வந்தது.

ஜூன் 12, காலை 6.20

குற்றாலத்தில் சாரல் என்று எல்லாரும் படம் போடுகிறார்கள். நமக்கு இங்கே டவுனில் காற்றும் புழுதியும்தான். வெக்கை அதிகமான நாளில் முக்கியமான பேச்சு எதையும் சாயங்காலம் எடுக்காதீர்கள். சொத்து, கடன், மார்க் அட்டை எல்லாம் மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள். எங்கள் வீட்டில் இது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஜூன் 15, இரவு 10.30

மறதி நோயாளிகளை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் தனியாகக் கேட்கிறீர்கள். பொதுவில் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் இவர்களில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. நாள் முழுவதும் சேர்ந்த களைப்பு, மங்கும் வெளிச்சம், நிழல்கள், உடம்புக் கடிகாரத்தின் கோளாறு எல்லாம் சேர்ந்து வருவது. அதாவது, நமக்குப் பலம் குறைகிற அதே நேரத்தில் அவர்களுக்குத் தேவை கூடுகிறது. இரண்டும் மோதுகிற நேரம் என்று தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை குறையும், "வேணும்னே பண்ணுதாரு" என்கிற நினைப்பு போய்விடும்.

எங்கள் வீட்டில் ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுவோம், இருட்டும்வரை காத்திருப்பதில்லை. டீவியில் சத்தமான செய்தி கிடையாது. அப்பாவுக்கு மத்தியானம் நீண்ட தூக்கம் விடமாட்டோம்.

கேள்விக்கு வருகிறேன். "இப்பத்தானே சொன்னேன்" என்ற பதில் அவருக்குப் பயன்படாது, சொன்னது அவரிடம் இல்லை. "நீங்க விவசாயம் விட்டு வருஷமாச்சு, வயலை வித்தாச்சு" என்ற பதில் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிய இழவுச் செய்தி. நான் சொல்வது இவ்வளவுதான்: "கார் பேச்சுதான் நடக்கு ஐயா, தகவல் வந்ததும் சொல்லுதேன்." ஒரே வாசகம், ஒரே குரல். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் யோசிக்காமல் இருப்பதிலேயே எனக்குப் பெரிய மிச்சம். அப்புறம் நானே ஒரு கேள்வி போடுவேன். "அந்தக் காலத்துல அம்பை பதினாறு போட்டியளா, வேற என்ன நெல்லு போட்டிய?" உடனே முகம் மாறிவிடும், நாற்று விட்ட கதையெல்லாம் வரும். தண்ணீரைக் கேட்கும்போது அவருக்கு உண்மையில் வேண்டியது தண்ணீர் நிலவரம் இல்லை, தன் கவலையைப் பங்குபோட ஒரு ஆள்.

அப்படியும் முடியாத நேரம் வரும். அப்போது வாசலுக்குப் போய் நின்று, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி மெதுவாகக் கொஞ்ச நேரம் விடுங்கள். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு என்கிற வேகத்துக்கு வந்தால் உடம்பு தானாக அடங்கும். அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஜூன் 19, இரவு 9.40

பிள்ளைகளுக்குப் பொறுமை சொல்லித் தருவது பற்றி அம்பாசமுத்திரத்தார் மறுபடியும் கேட்டிருக்கிறார். (மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பிட்டால் ராத்திரி எட்டரை வரை ஒன்றும் இல்லையாம். இதைத்தானய்யா முதல் நாளே கேட்டேன்!)

ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, காத்திருந்தால் இரண்டு என்று சொல்லும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காத்திருக்கிற பிள்ளை பின்னாளில் முன்னேறும் என்று அதை வைத்து நிறையப் பேசினார்கள். 2013-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதற்கு முன்னால் ஒரு படியைச் சேர்த்தார்கள். பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் "இரு, நல்ல கலர் பென்சில் கொண்டுவாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார், மீதிப் பிள்ளைகளிடம் "இல்லையே" என்று கைவிரித்தார். அப்புறம்தான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகள்தான், சின்னச் சோதனை. ஆனாலும் வீட்டில் நாம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கூட்டம் என்று சாக்குச் சொன்னால், அடுத்த முறை "இரு" என்ற சொல்லுக்குப் பிள்ளை ஏன் இருக்கவேண்டும்? முடியாததைச் சொல்லாமல் இருப்பதே மேல். என் மகளிடம் "அப்புறம்" என்ற சொல்லையே குறைத்துவிட்டேன். "சாதம் வடிச்சதும்" என்பேன். வடித்ததும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

கவுண்ட்டரிலும் இதே கதைதான். காத்திருக்கிறவருக்கு எவ்வளவு நேரம் என்று தெரியாததுதான் எரிச்சல். "அண்ணாச்சி, உங்களுக்கு முன்னால ரெண்டு சீட்டு இருக்கு, அஞ்சு நிமிஷத்துல தாரேன்" என்றால் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒன்றும் சொல்லாமல் நிற்கவைத்தால் இரண்டாம் நிமிஷமே மேசையைத் தட்டுவார்.

ஜூன் 23, காலை 6.00

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே இல்லை. இந்த இழையைப் படித்து, தானும் பொறுமையாக இருக்கப் பழகுகிறாளாம். கணவன் குடித்துவிட்டு அடிக்கும்போதும்.

இல்லையம்மா. நான் எழுதியது எதுவும் அதற்கு இல்லை. ஜூன் 4-ம் தேதிக் குறிப்பில் அம்மாவைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். பீடியைக் கழிக்கும்போது அவள் வாய்பேசாமல் வந்ததைப் பொறுமை என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். எவ்வளவு கழிக்கலாம் என்பதற்குக்கூட வரம்பு வைக்க 1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. சங்கத்துப் பெண்கள் எங்கள் தெருவுக்கு வந்து அதை எடுத்துச் சொன்ன பிறகு அம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்துபோய்க் கேட்டாள். கேட்கவேண்டிய இடத்தில் கேட்பதற்கும் பலம் வேண்டும், அதற்காகவும்தான் மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன்.

பெண்களுக்கான உதவி எண் 181. இரவிலும் எடுப்பார்கள். அடி விழுகிற நேரம் என்றால் 112. பக்கத்தில் நம்பிக்கையான அக்காவோ மைனியோ இருந்தால் இன்றைக்கே சொல்லி வை. நீ எனக்கு எழுது, எந்த நேரமானாலும் பார்ப்பேன்.

ஜூன் 23, இரவு 9.00

அவள் பதில் போட்டிருக்கிறாள். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். வேறு விவரம் இங்கே வேண்டாம்.

ஜூன் 27, இரவு 10.10

மருந்துக்கடைக்காரியாக ஒரு வார்த்தை. எதைச் செய்தாலும் சோர்வு போகவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வருகிறது என்றால் மனசைக் குறை சொல்வதற்கு முன் ரத்தத்தைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். தைராய்டும் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினால் டீ காபியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நல்லது. தைராய்டு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடாதீர்கள், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கடையில் தினமும் யாருக்காவது இதைச் சொல்கிறேன். மருமகளுக்குச் சோம்பல் என்று மாமியார் சொல்லி, பரிசோதனையில் ஏழு என்று வந்த சீட்டை என் கையில் வாங்கியிருக்கிறேன். ஆறு மாதமாக அந்தப் பெண் வீட்டில் வாங்கிய பேச்சை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜூலை 2, இரவு 9.25

அண்ணனிடம் பேசிவிட்டேன். இனி சனி ஞாயிறு அப்பா அவன் பொறுப்பு. மதினி பொறுப்பு அல்ல, அவன் பொறுப்பு. சொல்லித்தான் அனுப்பினேன். மறதி நோயாளியை ஒருத்தியே பார்த்துக்கொண்டு பொறுமையாகவும் இருக்கவேண்டும் என்று குடும்பம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. கூப்பிடுங்கள், கேளுங்கள். அவர்களுக்குத் தானாகத் தெரியாது.

நான் சொல்லும் அந்த ஒற்றை வாசகத்தை அவனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை சாயங்காலமே போன் செய்தான். "எத்தனை தடவ கேக்காரு இவரு" என்றான். "நெல்லு கதையைக் கேளு" என்றேன். அப்பாவுக்கு எந்த வயலில் எந்த வருஷம் எத்தனை கோட்டை நெல் கண்டது என்றெல்லாம் நினைவு இருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம். ராத்திரி ஒன்பதுவரை கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஜூலை 3, காலை 6.10

நாலரை மணிக்கு என்ன சாப்பிடுகிறேன் என்று பல பேர் கேட்டுவிட்டீர்கள். அவித்த பயறு அல்லது கொண்டைக்கடலை, காலையிலேயே டப்பாவில் போட்டுக்கொண்டு போவேன். கிடைக்காத நாளில் இரண்டு வாழைப்பழமும் பொரிகடலையும். வடை பஜ்ஜி வேண்டாம், அதற்குப் பிறகு மந்தம்தான் வரும். பனங்காலத்தில் பதநீர் கிடைத்தால் அதுவே போதும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் பதநீரை விட்டுவிடுங்கள், பழத்தை ஒன்றாகக் குறைத்துப் பயறைக் கூட்டிக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்தாருக்கு: பஸ் ஏறுவதற்கு முன்னால் சாப்பிடுங்கள், இறங்கிய பிறகு என்று தள்ளவேண்டாம்.